பரடேயின் கேள்வி

1857ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆந் திகதி, அறுபத்தாறு வயது நிரம்பிய முதியவர் ஒருவர் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். எழுதியவர் மைக்கேல் பரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்தவர். கடிதத்தைப் பெற்றவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல்; ஸ்கொத்லாந்திலே அபடீன் நகரக் கல்லூரியொன்றில் முந்திய ஆண்டுதான் பேராசிரியராக அமர்ந்தவர். அக்கடிதத்திலே பரடே எழுப்பிய கேள்வியின் சாரம் வருமாறு: கணிதவியலாளர் ஒருவர் தமது ஆய்வின் முடிவை எட்டியதும், அம்முடிவைச் சூத்திரங்களிற் கூறுவது போன்று முழுமையாகவும் தெளிவாகவும் திட்டவட்டமாகவும் சாதாரண மொழியிலே கூறமுடியாதா? முடியுமாயின், பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்துப்போலத் தோன்றும் குறியீடுகளிலிருந்து அம்முடிவுகளைப் பெயர்த்துத் தருதல் தம்மைப் போன்றோர்க்குப் பேருதவியாகும். அவற்றைக் கொண்டு தாமும் பரிசோதனை நிகழ்த்திப் பார்க்கலாம் என்பது அவர் வாதம்.

கணிதப் பௌதிகத்தைப் பொதுமக்களிடங் கொண்டுசெல்லல் பற்றி அன்று தொட்டு இன்றுவரை எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை, அறிந்தோர் அறியாதோர்க்கு மனமிரங்கிச் செய்யும் தருமமாகவே இம்முயற்சியைக் கருதுவன. பரடேயின் கேள்வியிலே அத்தொனி இல்லை. அவர் தமக்கு வேலை செய்வதற்கு வேண்டிய கருவியைக் கேட்டார். தருமத்துக்கும் கருவிக்குமுள்ள இவ்வேறுபாடு சிறிதன்று. அதனை விளங்கிக்கொள்வதற்கு, அக்கடிதத்தை எழுதிய மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதை நாம் முதலில் நோக்குதல் வேண்டும்.

பரடே 1791இல் இலண்டனை அடுத்த நியூவிங்டன் என்னும் பகுதியிலே பிறந்தவர். தந்தையார் கொல்லர், உடல்நலங் குன்றியவர். 1801இல் தானிய விலை உச்சத்தை எட்டியபோது, அச்சிறுவன் ஒரேயொரு பாணைக்கொண்டு ஒரு வாரத்தைக் கழிக்க வேண்டியிருந்ததென அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். எழுத்து, வாசிப்பு, சிறிது எண்கணிதம் என்பவற்றோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதின்மூன்றாம் வயதிலே புத்தகக் கடையொன்றில் ஏவற் சிறுவனாகச் சேர்ந்தார். மறு ஆண்டில் அங்கேயே ஏழாண்டுக் காலத்துக்குப் புத்தகங் கட்டுந் தொழில் பழக அமர்த்தப்பட்டார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் வாசித்தார். அவ்வாறு வாசித்தவற்றுள் ஒன்று, ஜேன் மார்செற் அம்மையார் தம் பெயரை வெளியிடாது எழுதிய இரசாயன உரையாடல் நூல். ஆசிரியை ஒருவரும் மாணவியர் இருவரும் உரையாடும் முறையில் அமைந்த அந்நூல், சேர் ஹம்ப்றி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு விளங்கிக்கொள்ள இடர்ப்பட்ட ஒரு பெண், தம்மைப் போன்ற பிறருக்காக எழுதியது. பிற்காலத்திற் பரடே தம்மை விஞ்ஞானத்துக்கு அறிமுகஞ் செய்தவர் என்று அவ்வம்மையாரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அந்நூலிற் கூறப்பட்டவற்றைத் தம் சிறு வருவாய்க்கு எட்டிய அளவிலே பரிசோதனை செய்து பார்த்து, உண்மையெனக் கண்டமையே அவருக்கு அதன்மீது நம்பிக்கையை அளித்தது. வாசித்ததைக் கையாற் செய்து பார்க்கும் இப்பழக்கம் 1857ஆம் ஆண்டுக் கடிதத்திலும் தொனிப்பதை நாம் காணலாம்.

(இதே மார்செற் அம்மையார் 1816இல் அரசியற் பொருளாதாரத்துக்கும் ஓர் உரையாடல் நூல் எழுதினார். மூலதனத்தின் நலமும் உழைப்பாளியின் நலமும் ஒன்றே என்னும் அக்காலத்துக் கோட்பாட்டை அது அதே இனிய நடையிற் கற்பித்தது. எளிமையான நடை எதனையும் சுமந்து செல்லவல்லது என்பதற்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.)

1812இல், கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டுகளைக் கொண்டு டேவியின் விரிவுரைகள் நான்கினைப் பரடே கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தாமே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தார். 1813 மார்ச்சிலே றோயல் நிறுவனத்தில் ஆய்வுகூட உதவியாளர் பதவி கிடைத்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் டேவி தம்பதியினருடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டபோது, விஞ்ஞான உதவியாளராகச் சென்றவர் உடைகளைக் கவனிக்கும் பணியாளாகவும் நடத்தப்பட்டார்.

றோயல் நிறுவனம் பற்றி ஒரு செய்தியை ஈண்டுக் குறிப்பிடாமலிருக்க முடியாது. 1799இல் அது தொடங்கப்பட்டபோது, கைவினைஞர்க்கும் தொழிலாளர்க்கும் விஞ்ஞானம் புகட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. கட்டடப் பணியைக் கவனித்த தோமஸ் வெப்ஸ்ரர், தொழிலாளர் தெருவிலிருந்து நேரே விரிவுரை மண்டபத்தின் மேன்மாடத்துக்கு ஏறிச்செல்வதற்கெனத் தனியான கற்படிக்கட்டு ஒன்றை அமைத்தார். பிரெஞ்சுப் புரட்சியின் அதிர்ச்சி அடங்காத காலம் அது. கீழ்மக்களுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று தம்மைக் கடுமையாகக் கேட்டனர் என்றும், அரசியல் ஆபத்துடையதெனக் கருதப்பட்டு அத்திட்டம் கைவிடப்பட்டதென்றும் வெப்ஸ்ரரே பின்னர் எழுதிவைத்தார். படிக்கட்டு இடித்து அகற்றப்பட்டது. சில ஆண்டுகள் கழிந்தபின், அதே கட்டடத்திற்குள் கொல்லர் மகனொருவன் குப்பி கழுவும் வேலைக்காக நுழைந்தான்!

படிக்கட்டு இல்லாத இடத்திலே நூல்கள் படிக்கட்டாக முயன்றன. லப்பிளாஸ் எழுதிய விண்ணியக்கவியல் மாநூலைப் பொதுமக்களுக்கான மலிவுப் பதிப்பு வரிசையொன்றுக்காக எழுதித்தருமாறு 1827இல் புறூம் பிரபு மேரி சமர்வில் அம்மையாரைக் கேட்டார். அவர் எழுதிய நூல் வரிசையின் அளவை மீறியது. 1831இல் வேறொரு பதிப்பாளரால் வெளியிடப்பட்டது. உழைப்பாளர் கையை அது அடையவில்லை. கேம்பிரிட்ஜ் மாணவரின் உயர்தரப் பாடநூலாயிற்று. கணிதத்தை விட்டுவிட்டு எழுதினால் உள்ளீடு இல்லை, சேர்த்து எழுதினால் வாசகர் இல்லை என்னும் இக்கட்டு அன்றே வெளிப்பட்டுவிட்டது. இதனை மனங்கொண்டு பரடேயிடம் மீள்வோம்.

1831 ஆகஸ்ட் 29ஆந் திகதி, இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றிலே மின்னைச் செலுத்தும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும் மற்றதிலே மின் தோன்றி மறைவதைப் பரடே கண்டார். உலகின் மின்னாக்கிகள் யாவும் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தன. ஆயின், பௌதிகத்தின் வரலாற்றிலே இதற்குச் சற்றும் குறையாத மற்றொன்றையும் அவர் அளித்தார். அது ஒரு கருத்து. காந்தத்தின்மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் தூள் வளைகோடுகளாக ஒழுங்குபடுவதை நம் பாடசாலைப் பிள்ளைகள் அறிவர். பாடநூலிலே இது ஒரு சிறு படம். பரீட்சையிலே ஒரு சிறு வினா. பரடேக்கோ அதுவே உண்மையின் வாயில். அக்கோடுகள் காந்தத்தைச் சூழ்ந்த வெளியிலே மெய்யாகவே நிலவும் ஒரு நிலையின் அடையாளம் என்றும், விசை அவற்றின் வழியே பரவுகின்றதென்றும் அவர் கருதினார். 1845இல் ‘காந்தப்புலம்’ என்னுந் தொடரை அவர் கையாண்டார். ஆங்கிலத்தில் வயலைக் குறிக்குஞ் சொல்லே அது. நம் மொழியிலும் ‘புலம்’ என்பதற்கு வயல், நிலம் என்னும் பொருளுண்டு. கலைச்சொல் ஆக்கியோர் நன்றாகவே தேர்ந்துள்ளனர். வெறுவெளியென எண்ணப்பட்டது விளைநிலமாகிவிட்டது என்பதன்றோ கருத்து!

கற்றறிந்தோர் இதனை ஏற்கவில்லை. நியூற்றனின் வழிவந்தோர்க்கு, இரு பொருள்கள் இடையிலே எதுவுமின்றித் தொலைவிலிருந்தே ஒன்றையொன்று ஈர்க்கும். தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப அவ்வீர்ப்புக் குறையும். சூத்திரம் ஒரு வரி. கணித்தால் அளவீட்டுடன் பொருந்தும். வேறென்ன வேண்டும்? 1855இல் அரச வானியலாளர் எயரி, இத்துணை எளிமையும் திட்பமும் உடைய விதியை அறிந்த எவரும் விசைக்கோடுகள் போன்ற தெளிவற்ற ஒன்றை நாடத் தயங்குவர் என்னும் கருத்துப்பட எழுதினார். கணிதம் அறியாதவரின் கற்பனை என்பதே பலரது முடிவாயிருந்தது.

மக்ஸ்வெல் மாறாக நடந்தார். நிலவுடைமைக் குடும்பத்திலே பிறந்து, கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் 1854இல் இரண்டாமிடம் பெற்ற அவ்விளைஞர், பரடேயின் ஆய்வு நூல்களை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை மின்னியல் பற்றிய கணித நூல் எதனையும் வாசிப்பதில்லை என உறுதிபூண்டார். பரடேயின் சிந்தனை முறையும் கணித முறையே. வழக்கமான குறியீடுகளில் அது எழுதப்படவில்லை என்பதுமட்டுமே குறை என்று 1873இல் வெளிவந்த தமது பெருநூலின் முன்னுரையிலே அவர் எழுதினார். இக்கூற்றைக் கற்பிக்குந் தொழிலிலுள்ளோர் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். குறியீடு வேறு, கணிதச் சிந்தனை வேறு என்பது அதனுள்ளே அடங்கியிருக்கின்றது.

விசைக்கோடுகள் பற்றி 1855 இறுதியிலும் 1856 தொடக்கத்திலும் மக்ஸ்வெல் கேம்பிரிட்ஜிலே வாசித்த கட்டுரை என்ன செய்தது என்பதைச் சற்று விரித்துரைப்போம். நீரூற்று ஒன்று நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பெருகுவதாக எண்ணுவோம். நீரைச் சுருக்கவோ விரிக்கவோ இயலாது. ஊற்றிலிருந்து ஓரடி தூரத்தில் ஒரு கோளப் பரப்பைக் கற்பனை செய்வோமாயின், பெருகும் நீர் முழுவதும் அப்பரப்பைக் கடந்தே ஆகவேண்டும். இரண்டடி தூரத்திலுள்ள கோளத்தின் பரப்பு நான்கு மடங்கு. அதே அளவு நீர் நான்கு மடங்கு பரப்பைக் கடப்பதால், அங்கே அதன் வேகம் நாலிலொன்றாகும், மூன்றடியில் ஒன்பதிலொன்று. தொலைவிலிருந்து ஈர்க்கும் விசையின் நேர்மாறு வர்க்க விதியன்றோ இது! எயரி போற்றிய அதே சூத்திரம், வெளியை நிரப்பிப் பாயும் ஒன்றன் இயல்பான விளைவாகவும் வரக்கூடும். பரடேயின் கோடுகள் இப்பாய்ச்சலின் குழாய்கள். குழாய் ஒடுங்குமிடத்தில் வேகம் மிகும், கோடுகள் நெருங்குமிடத்தில் விசை மிகும். இத்தகைய திரவம் மெய்யாக உண்டென்று மக்ஸ்வெல் கூறவில்லை. சிந்தனைக்குப் பிடிப்பாக அமைந்த ஒரு கற்பனை என்பதை அவரே வற்புறுத்தினார். ஆயினும், எதனைத் தெளிவற்றதென ஒதுக்கினரோ அது வானியலாளரின் சூத்திரத்துக்கு ஒப்பான திட்பமுடையதென்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது.

கட்டுரைப் பிரதியைப் பெற்ற பரடே, 1857 மார்ச்சிலே, தம் கருத்தின்மேல் இத்துணைக் கணித வலிமை பிரயோகிக்கப்பட்டதைக் கண்டு முதலில் அஞ்சியதாகவும், பின் அக்கருத்து அதனைத் தாங்கிநின்றதைக் கண்டு வியந்ததாகவும் பதில் எழுதினார். எட்டு மாதங்களின் பின் எழுந்ததே நாம் தொடக்கத்திற் குறித்த கேள்வி. மக்ஸ்வெல்லின் விளக்கங்கள் தமக்கு எப்போதும் தெளிவான முடிவைத் தருவதையும் அக்கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். அதாவது, இது முடியக்கூடியது என்பதற்கு அவர் காட்டிய சான்று மக்ஸ்வெல்லே.

இவ்வுறவின் திசையை நாம் கவனித்தல் வேண்டும். கருத்து கீழிருந்து மேலே சென்றது. எளிய நூலொன்றை வாசித்த தொழிலாளி, பல்கலைக்கழகங் கண்டிராத கருத்தொன்றைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தான். அது குறியீடாகி, அவனே வாசிக்க முடியாத உருவிலே அவனிடம் திரும்பிவந்தது. தன் உழைப்பின் விளைவு தனக்கு அந்நியமாகும் நிலையை நாம் ஆலையிலே காண்கிறோம். ஆய்வுகூடத்திலும் அது நிகழ்ந்தது. பரடே அரசியலிற் புரட்சிவாதியல்லர். பழைமையைப் பேணியவர், ஆழ்ந்த சமயப்பற்றுடையவர். அவரைப் புரட்சியாளராக்கிக் காட்டும் முயற்சி வீண். கேள்வியின் கூர்மை அவருடைய அரசியலாலன்றி, அவர் நின்ற இடத்தினாலேயே வந்தது.

மக்ஸ்வெல் தம் எழுத்துக்களாலும் இதற்கு விடையிறுத்தார் எனலாம். கேம்பிரிட்ஜிலும் அபடீனிலும் உழைப்பாளருக்கான வகுப்புக்களிற் கற்பித்தவர் அவர். 1871இல் வெளியிட்ட வெப்பவியல் நூல், கைவினைஞரையும் பாடசாலை மாணவரையும் கருதிய வரிசையொன்றில் வந்தது; 1876இல் சடமும் இயக்கமும் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இரண்டும் எளிதில் வாசித்துத் தள்ளக்கூடியவை அல்ல. கைவினைஞரை அவர் எவ்வளவு மதித்தாரென்பது அவற்றின் கடினத்திலிருந்தே தெரியவரும். 1870இல் லிவர்ப்பூல் நகரிலே பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் கணித, பௌதிகப் பிரிவில் உரையாற்றியபோது, மனித மனங்கள் பலவகைப்படுதலின் விஞ்ஞான உண்மையும் பல உருவங்களிலே தரப்படவேண்டும் என்றும், பௌதிக உவமையின் திண்மையான உருவிலாயினும் குறியீட்டின் மெலிந்த உருவிலாயினும் அது சமமான விஞ்ஞானத் தகுதி உடையதென்றும் கூறினார். தரந்தாழ்ந்த பதிப்பு ஒன்றும் தரமான பதிப்பு ஒன்றும் என்னும் பாகுபாட்டை இது அடியோடு மறுக்கின்றது.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். குறியீடு இல்லாமல் எட்டமுடியாத இடங்களும் உண்டு. 1861இல் மக்ஸ்வெல் தம் சமன்பாடுகளிலிருந்து மின்காந்தக் குழப்பம் பரவும் வேகத்தைக் கணித்தார். வினாடிக்கு ஏறத்தாழ 310,000 கிலோமீற்றர் என்று வந்தது. ஒளிக்கு அக்காலத்தில் அளந்திருந்த வேகமும் ஏறக்குறைய அதுவே. ஒளி ஒரு மின்காந்த அலை என்னும் முடிவு இவ்வாறு பிறந்தது. ஒளியை விசைக்கோடுகளின் அதிர்வாகப் பரடே 1846இலேயே ஊகித்திருந்தார். எண் அவரிடம் இருக்கவில்லை. 1861 ஒக்டோபரில் மக்ஸ்வெல் அவ்வெண்களைப் பரடேக்கு எழுதினார். ஆக, சாதாரண மொழி முடிவைச் சுமக்கும். முடிவை அடையும் பாதையை எப்போதும் சுமக்குமென்று கூறமுடியாது. பரடேயும் முடிவைப் பற்றியே கேட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பாதையையே செப்பனிடுவது மற்றொரு வழி. அதைச் செய்தவரும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றவரே. ஒலிவர் ஹெவிசைட், மரச்செதுக்குப் படம் செய்பவரொருவரின் மகன். பதினாறு வயதிற் பள்ளியை விட்டவர். தந்தி இயக்குநராக வேலை பார்த்தவர். மக்ஸ்வெல்லின் பெருநூல் கையிற் கிடைத்தபோது அதனை விளங்கிக்கொள்ளப் போதிய கணிதம் அவரிடம் இருக்கவில்லை. 1874இல் வேலையை விட்டு, வீட்டிலிருந்தபடியே ஆண்டுக்கணக்காகக் கற்றார். மக்ஸ்வெல்லின் 1865ஆம் ஆண்டுக் கட்டுரை இருபது கணியங்களையும் இருபது சமன்பாடுகளையும் கொண்டது. 1885 முதல் மின்தொழிலாளரும் பொறியியலாளரும் வாசிக்கும் தொழில் வாரவெளியீடு ஒன்றிலே ஹெவிசைட் எழுதிய கட்டுரைகள் அவற்றை நான்காகச் சுருக்கின. இன்று உலகெங்கும் மாணவர் ‘மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள்’ எனக் கற்பவை அந்நான்குமே. அவற்றை அவ்வடிவில் எழுதியவர் பெயர் பல பாடநூல்களில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டிலே பொதுமக்களுக்கான பௌதிக நூல்கள் பெருவணிகமாயின. 1930இல் வெளிவந்த சேர் ஜேம்ஸ் ஜீன்ஸ் அவர்களின் மர்மப் பிரபஞ்சம் பற்றிய நூல் அவ்வகையிற் புகழ்பெற்றது. நடையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயின் அது வாசகனை எங்கே கொண்டு சேர்க்கின்றது? பிரபஞ்சம் பெரும் இயந்திரத்தைவிடப் பெரும் எண்ணத்தையே ஒத்தது, அதனைப் படைத்தவன் ஒரு தூய கணிதவியலாளன் போலும் என்னும் முடிவிலே விட்டுவிடுகின்றது. இம்முடிவைச் சோதிக்க வாசகனிடம் எக்கருவியும் இல்லை. வியந்து தலைகுனிவதே அவன் செய்யக்கூடியது. பிரித்தானியாவிலே வேலையற்றோர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டிய ஆண்டு அது என்பதையும் நினைவிற் கொள்வோம். 1937இல் இலண்டனிலே தருக்கவியல் கற்பித்த சூசன் ஸ்ரெபிங் அம்மையார், ஜீன்சும் எடிங்டனும் தெளிவு வேண்டிய இடங்களிலே உணர்ச்சியைக் கிளறுவதன் மூலம் பொதுவாசகனுக்கு அநீதி இழைத்தனர் என ஒரு முழு நூலே எழுதினார். இத்தகைய எழுத்தைப் பரடே கேட்டதற்குப் பதிலெனக் கொள்ள எம்மால் இயலவில்லை.

ஸ்ரெபிங்கின் நூலுக்கு ஓராண்டு முன்னர், 1936இலே, லான்சலட் ஹொக்பன் எழுதிய ‘இலட்சக்கணக்கானோர்க்குக் கணிதம்’ வெளிவந்தது. முதலாம் உலகப் போரிலே ஆயுதமேந்த மறுத்துச் சிறைசென்ற சோசலிசவாதி அவர், தொழிலால் உயிரியலாளர். கணிதம் அளவைக்கும் வணிகத்துக்கும் கடற்பயணத்துக்குமான தேவைகளிலிருந்து எழுந்த ஒரு மொழி என்றும், பூசாரிகள் அதைத் தம் உடைமையாக்கிய காலமும் உண்டென்றும் வரலாற்றோடு இணைத்து அவர் விளக்கினார். வரலாற்று விளக்கங்களிற் சில இன்று மிகையாகத் தோன்றக்கூடும். ஆயினும் குறியீடுகளை அவர் ஒளிக்கவில்லை. இலக்கணங் கற்பிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கற்பித்து, வகையீட்டு நுண்கணிதம்வரை வாசகனை அழைத்துச் சென்றார். ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் மனனஞ் செய்யவேண்டியவையும், வாசகன் தானே கண்டறியவேண்டிய கணக்குகளும் உள்ளன. பேனாவும் கட்டமிட்ட தாளும் கையில் இல்லாமல் இந்நூலைத் திறக்கவேண்டாம் என்பது அவர் வாசகனுக்குத் தொடக்கத்திலேயே விடுத்த அறிவுறுத்தல்.